மேற்கு ரோமை எடுத்தவன்

போர்க்காலத்தில் வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கொம்பியூட்டர் விளையாட்டுக் கடை இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் சேர்ந்திருந்த நான், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் கிடப்பேன். கொட்டாஞ்சேனையிலிருந்து என் நண்பனும் வந்துவிடுவான். துறைமுகத்தில் கிளார்க். தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து, அதே வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏறுவான்.

கடைக்காரர் கிருலப்பனையைச் சேர்ந்த சிங்களவர். அவரை நாங்கள் அண்ணன் முறை வைத்து அய்யே என்போம். ரோமாபுரிக் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றுக்கு புதுப் படைகள் சேர்ந்த எக்ஸ்பான்ஷன் சிடியை அவர் வாங்கிப் போட்டதிலிருந்து, அதில் எந்தப் பக்கம் நல்லது என்று எங்களுக்குள் ஒரே சண்டை. நான் ஹூணர்களை எடுப்பேன். கடைசி நகரம் போனால் ரோமர்களுக்கு ஆட்டம் முடிந்தது. ஹூணர்களுக்கு அப்படியில்லை. சனம் முழுவதும் படையாக எழும்பி நடக்கும்; வழியிலுள்ள நகரத்தைக் கொள்ளையடித்து எரித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். அவன் எப்போதும் மேற்கு ரோம்தான். நிலம் நிறைய, கஜானா காலி. சொந்தப் படைத்தலைவர்களே காலை வாரிவிடுவார்கள்.

"கிழக்கு ரோமை எடன். காசும் இருக்கு, மதிலும் இருக்கு," என்றேன்.

"அதில என்ன கிடக்கு மச்சான்? இதிலதான் நாலு பக்கத்தாலயும் அடி விழும். தாங்கிக் காட்டோணும்."

அவனுடைய நகரமொன்றை என் குதிரைகள் வளைத்திருந்தபோது காலி வீதியில் குண்டு வெடித்தது. கடைக் கண்ணாடி எங்கள் முதுகில் கொட்டியது. அய்யேயும் நாங்களுமாக மூவரும் வெளியே ஓடினோம். ஓட்டோ ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் உள்ளேயே இருந்தார். பேக்கரி வாசலில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. நண்பன் சட்டையைக் கழற்றி, பல்லால் கடித்து இறுக்கிக் கட்டினான். வான் ஒன்றை மறித்து அவளை ஏற்றினோம்.

மேற்சட்டையில்லாமல், உடம்பெல்லாம் இரத்தத்தோடு நின்ற அவனைத்தான் பொலிஸ் முதலில் பிடித்தது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் துவக்குப் பிடியால் வயிற்றில் இடித்தார்கள். எங்கே இருந்தாய் என்றதற்குக் கடையைக் காட்டினான். அங்கே திரையில் ஒரு வரைபடமும் படைகளும் எரிகிற நகரமும். கொம்பியூட்டரைக் கழற்றி ஜீப்பில் போட்டார்கள், எங்கள் இருவரையும் சேர்த்து.

நிலையத்தில் அவனை உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். என்னை இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அய்யே சிடிப் பெட்டியோடு வந்து, இது விளையாட்டு என்று சிங்களத்தில் மன்றாடினார். இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் மகனிடமும் இருக்கிறது," என்றார். "பாரசீகரை எடுத்து எப்போதும் தோற்கிறான். ஏன்?"

உள்ளே குழாய் உடம்பில் விழும் சத்தம் கேட்டது. நண்பன் "அம்மா" என்று கத்தினான்.

"யானையை முதலில் விடக்கூடாது, சேர்," என்றேன் என் அரைகுறைச் சிங்களத்தில். "அம்பு பட்டால் அது சொந்த ஆட்களையே மிதிக்கும். குதிரை வில்லாளர்தான் பாரசீகரின் பலம்."

"ஹூணர்?"

"வேகம், சேர். ஆனால் மதிலுக்கு முன்னால் திணறுவார்கள்."

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். உள்ளே அடி நிற்கவில்லை. என் வாயும் சாக்சன் படையின் கோடரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நீ எந்தப் பக்கம்?"

ஊர்களை எரிக்கிற பக்கம் என்று அங்கே எப்படிச் சொல்வது? "ரோம், சேர்."

அய்யேவுக்குப் பொறுக்கவில்லை. மேசையில் கையூன்றினார். "சேர், உள்ளே அடி வாங்குகிறவன்தான் அந்தப் பெண்ணின் இரத்தத்தை நிறுத்தினவன். நான் பக்கத்தில் நின்றேன். எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்வேன்."

கான்ஸ்டபிள் ஒருவன் அய்யேவின் கன்னத்தில் அறைந்தான். அவர் நகரவில்லை. இன்ஸ்பெக்டர் பெட்டியைக் கீழே வைத்து, உள்ளே போய், என் நண்பனை வெளியே விட்டார்.

காதிலிருந்து இரத்தம் கழுத்துவரை இறங்கியிருந்தது. இரண்டு விரல்கள் பின்பக்கமாக வளைந்திருந்தன. ஆஸ்பத்திரியில் இடக்காது இனிக் கேட்காது என்றார்கள். "அவ தப்பிட்டாவோ?" என்று மட்டும் கேட்டான். அய்யே வார்டு வார்டாகத் தேடி, அவள் உயிரோடு இருப்பதாக வந்து சொன்னார்.

அடுத்த நாள் அவளுடைய கணவரையும் கூட்டிவந்தார். அந்த மனிதர் கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து, நண்பனின் கையைப் பிடித்தபடி சிங்களத்தில் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார். அந்தப் பக்கம் எதுவும் கேட்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் அவருடைய முகத்தையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.