பால்மேல் போட்ட பழி

பிள்ளைகளே, எனக்கு முதலில் ஒரு மகன் பிறந்தான். பெயர் சாமுவேல். மூன்றாம் மாதத்தில் இறந்துபோனான். அவன் சாவுக்குக் காரணம் நான்தான். ஆனால் ரெண்டு வருஷம் அந்தப் பழியை அவன் அம்மா சுமந்தாள். நான் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன்.

இதைப் பெரியவங்க கூட்டத்தில் மூன்று தடவை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுங்கள் என்று டீச்சர் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதுவும் இது பிள்ளைகளிடம் சொல்கிற விஷயமா? பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் லயத்து வரிசை வீடுகளில், அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது தம்பி தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறது யார்? நீங்கள்தானே. அதனால் எழுதுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்மஸுக்கு இன்னும் ரெண்டு ஞாயிறு இருந்தது. நமுனுகுல மலை பனியில் மூடிக் கிடந்தது. விடியற்காலையிலிருந்து தூறல். அன்றைக்கே காசைக் கையில் தருகிற கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க ஆள் கூப்பிட்டிருந்தார்கள். வேலை நாளாக இருந்தால் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போகலாம், அங்கே ஆயம்மா பார்த்துக்கொள்வாங்க. ஞாயிற்றுக்கிழமை அது பூட்டியிருக்கும். அதனால் என் மனைவி ஸ்டெல்லா பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். சேலைத் தொட்டிலில் படுக்க வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"பத்து மணிக்கு ஓடியாந்து பால் குடுத்துட்டுப் போறேன். அது வரைக்கும் எங்கயும் போயிராதீங்க. இன்னைக்கு ஒரு நாளைக்குக் குடிக்காம இருங்க."

சரி என்றேன். அவள் வளைவு திரும்பும் வரைக்கும்கூட நான் பொறுக்கவில்லை. அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கசிப்புச் சாராயப் போத்தலை எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதான். தொட்டிலை ஆட்டினேன். நின்று ஆட்ட எனக்குக் கால் நிற்கவில்லை. அவனைத் தூக்கிக் கட்டிலில் என் பக்கத்தில் போட்டேன். குளிருமே என்று என் கம்பளியை ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தினேன். கோபமாகச் செய்யவில்லை பிள்ளைகளே. பாசமாகத்தான் செய்தேன். அந்தப் பாசம் அவனைக் காப்பாற்றவில்லை.

நான் முழித்தபோது என் கை அவன்மேல் கிடந்தது. கம்பளி அவன் முகத்தை மூடியிருந்தது. அவனுக்கு மூச்சு இல்லை.

அதற்குப் பிறகு செய்ததை எழுதத்தான் இவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் அவனைத் தூக்கி மறுபடியும் தொட்டிலில் வைத்தேன். போத்தலை வெளியே எறிந்தேன். வாயைக் கொப்பளித்தேன். அதற்குப் பிறகுதான் பக்கத்துக் காம்பராவில் இருந்த என் அண்ணன் மனைவியை, "அண்ணி, ஓடி வாங்க" என்று கூப்பிட்டேன்.

ஸ்டெல்லா கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாள். கூடையை இறக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதோடுதான் பிள்ளையைத் தூக்கினாள்.

மரண விசாரணைக்கு வந்தவர் என்னிடம் கேட்டார். தொட்டிலில் தூங்கினான், போய்ப் பார்த்தேன், மூச்சு இல்லை என்று சொன்னேன். காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்று முடிவானது. எழுதினவர்களுக்குத் தெரியாத காரணம் லயத்துக்குத் தெரிந்துவிட்டது. பால் புரையேறிச் செத்துப்போனான் என்று பேசினார்கள். அவசரமாகப் பால் கொடுத்து அப்படியே போட்டுவிட்டு மலைக்கு ஓடினாளாம். அண்ணி அவள் முகத்துக்கு நேரே, "ஏன்டி, பால் குடுத்தா தோள்ல போட்டுத் தட்டணும்னு கூடவா தெரியாது ஒனக்கு?" என்று கேட்டாங்க. நம் சபையிலேயே ஒருத்தங்க, சர்ச்சுக்கு வரவேண்டிய நாளில் கொழுந்துக்குப் போனால் இப்படித்தான் நடக்கும் என்றாங்க.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஸ்டெல்லா என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "என்னங்க, நான் தட்டினேன்ல? நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

நான் பார்த்திருந்தேன். நன்றாகப் பார்த்திருந்தேன். "எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தட்டவில்லை போல என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ரெண்டு வருஷமும் நான் ஜெபிக்காமல் இல்லை. தினமும் ஜெபித்தேன். "ஆண்டவரே, இது யாருக்கும் தெரிய வேண்டாம்." யாருக்கும் தெரியவும் இல்லை. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்றே நினைத்தேன். எவ்வளவு பெரிய ஏமாற்று. நான் ஒளிந்துகொள்ள அவரிடமே இடம் கேட்டிருக்கிறேன். குடியும் கூடிப்போனது. முன்னே ஞாயிற்றுக்கிழமைதான், பிறகு வேலைக்குப் போகும் முன்னாலும்.

பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். கிருபா என்று பெயர் வைத்தோம். பிறக்கும்போது ரெண்டு கிலோ எழுநூறு. நல்ல பிள்ளை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஸ்டெல்லா அவளுக்குப் பால் கொடுக்கவில்லை. பால் இல்லை என்று சொன்னாள். பால்மாவைக் கரைத்துக் கரண்டியால் ஒவ்வொரு சொட்டாக விடுவாள். ரெண்டு மூன்று சொட்டு போனதும் பயந்துபோய் நிறுத்திவிடுவாள். பிள்ளையைக் கீழே படுக்க வைக்கவும் மாட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மடியிலேயே வைத்திருப்பாள். அவளும் தூங்கவில்லை.

பத்தாம் நாள் பகலில் மிட்வைஃப் மிஸ் வந்தாங்க. கலகலப்பாகப் பேசுகிறவங்க. பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, "என்ன ஸ்டெல்லா, என் தராசுக்குக் கோவமா, முள்ளு கீழ போகுதே" என்றாங்க. அப்புறம் இன்னொரு தடவை நிறுத்துப் பார்த்தாங்க. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ரெண்டு கிலோ முன்னூறுதான் இருந்தது. பிள்ளையின் வாய் காய்ந்திருந்தது. அழக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. இன்றைக்கு இவள் ஒழுங்காகப் பால் குடிக்காவிட்டால் உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மிஸ் சொன்னாங்க. ஸ்டெல்லாவின் சட்டையைப் பார்த்துவிட்டு, "பால் இல்லன்னு சொன்னே. சட்டையெல்லாம் நனஞ்சிருக்கே. ஏன்மா குடுக்க மாட்டேங்கிறே?" என்று கேட்டாங்க.

ஸ்டெல்லா தலையைத் தூக்கவில்லை. "என் பால்தான் மிஸ் மொதப் புள்ளயக் கொன்னுச்சு" என்றாள்.

நான் வாசலில் நின்றேன். அன்றைக்குக் காலையிலும் குடித்திருந்தேன். அப்படியே நழுவி லயத்துக்குப் பின்னால், மலைத் தண்ணீர் வருகிற பீலிக்குப் போனேன். தண்ணீர் விழுந்துகொண்டு இருந்தது. தலையை அதில் கொடுத்தேன்.

அங்கே ஜெபித்தேன். முதலில் பழைய மாதிரிதான். "ஆண்டவரே, வேற ஏதாவது வழி காட்டுங்க. அவ மனச நீங்களே மாத்துங்க. நான் சொல்லாம நடக்கட்டும்." வேறு வழி எதுவும் தெரியவில்லை. அவள் பால் கொடுக்க வேண்டும் என்றால் அவள் பால் கொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளையும் போய்விடும். சொன்னால் ஸ்டெல்லா என்னை விட்டுப் போய்விடுவாள். ஒருவேளை பொலிஸும் வரும். அப்போதுதான் ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக உண்மையான ஜெபம் ஒன்று என் வாயில் வந்தது. "ஆண்டவரே, என்னக் காப்பாத்த வேணாம். புள்ளயக் காப்பாத்துங்க. சொல்றதுக்கு மட்டும் பெலன் குடுங்க."

வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எத்தனையோ தடவை சொல்லப் போய் நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தவன், அன்றைக்குத் திரும்பவில்லை. ஈரத் தலையோடு உள்ளே போனேன்.

"ஒன் பால் இல்ல ஸ்டெல்லா. நீ தட்டினே. நான் பாத்தேன். நான் குடிச்சிட்டு அவன எடுத்து என் பக்கத்துல போட்டுக்கிட்டேன். கம்பளி மூடிக் கெடந்துச்சு, என் கை அவன் மேல கெடந்துச்சு. நான்தான் திரும்பத் தொட்டில்ல வச்சேன்."

மிஸ் கையில் இருந்த, எடை எழுதுகிற கொப்பியை மூடி வைத்தாங்க. ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கம்பளிக்குள்ள அவன் அழுதானா?"

"தெரியல. எனக்குத் தெரியல. நான் தூங்கிட்டேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்தாங்க. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிள்ளை பால் விழுங்குகிற சத்தம். நான் வாசற்படியில் முழங்கால் போட்டேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று நான் சொல்கிறது அந்தச் சத்தத்தைத்தான்.

ஸ்டெல்லா மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெலிமடையில் இருந்த அவங்க அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு வாய் ஏது? போதகர் என்னோடு பொலிஸுக்கு வந்தார். அங்கே உண்மையை எழுதிக் கொடுத்தேன். நீதிமன்றத்தில் கொடுத்த தீர்ப்பை ஏற்றுக்கொண்டேன். சபையில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அண்ணி வெலிமடைக்கே போய் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து அழுதாங்களாம்.

குடி ஒரே நாளில் விட்டுப்போனது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மிஸ்தான் சொல்லி அனுப்பினாங்க. அங்கே கை நடுங்க, வேர்க்க, கண்டதையும் உளறிக்கொண்டு கிடந்தேன். மருந்து கொடுத்தவர்களையும் ஆண்டவர்தான் வைத்திருந்தார். வெளியே வந்த பிறகும் எத்தனையோ சாயந்தரம் மனசு அந்தப் பக்கம் இழுத்தது. அப்போதெல்லாம் போதகர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவரும் ஏன் என்று கேட்கமாட்டார், டீயைக் கொண்டுவந்து வைப்பார்.

பிள்ளைக்குப் பதினோரு மாதமானபோது ஸ்டெல்லா திரும்பி வந்தாள். கிருபா அதற்குள் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தாள். மன்னித்துவிட்டேன் என்று ஸ்டெல்லா சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் வந்தாள். ஒரு சொட்டு குடித்தாலும் பிள்ளையைத் தொடக் கூடாது என்றாள். இதுவரை ஆண்டவர் அதைக் காத்துக்கொண்டு வருகிறார்.

பிள்ளைகளே, இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். எல்லாக் குழந்தையும் இப்படி யாராவது செய்த தப்பால் இறப்பதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு துக்கம் நடந்திருந்தால் யார்மேலும் விரல் நீட்டாதீர்கள். ஆனால் மிஸ் எனக்குச் சொன்னதை நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை மல்லாக்கப் போடுங்கள். தனியாக, சமமான இடத்தில் போடுங்கள். அதன் முகத்தில் ஏறுகிற மாதிரி கம்பளியோ தலையணையோ பக்கத்தில் இருக்க வேண்டாம். குடித்தவங்க பக்கத்தில் குழந்தை படுத்திருந்தால், அது அப்பாவாகவே இருந்தாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே இருக்கிற பெரியவங்களிடம் சொல்லுங்கள். அது அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறது இல்லை. அன்றைக்கு என் கட்டிலிலிருந்து என் பிள்ளையை யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால், அவங்க காலில் விழுந்திருப்பேன்.

உங்கள் மனசில் சொல்ல முடியாத ஏதாவது இருந்தால், ஆண்டவரிடம் அதை மறைத்து வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். சொல்வதற்குப் பெலன் கேளுங்கள். என்னைப் போல ஒருத்தனுக்கே கொடுத்தவர். உங்களுக்குக் கொடுக்கமாட்டாரா?

இவ்வளவும் எழுதி முடித்து ஸ்டெல்லாவிடம் வாசித்துக் காட்டினேன். கிருபாவுக்குத் தலை சீவிக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டாள். சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க. ஒங்க தப்பத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கீங்க. எனக்கு அது வேணாம். நான் தட்டினேன்னு எழுதுங்க. தனியா, எல்லாரும் பாக்கிற மாதிரி எழுதுங்க."

எழுதுகிறேன்.

சாமுவேலின் அம்மா அன்றைக்குக் காலையில் அவனுக்குப் பால் கொடுத்தாள். தோளில் போட்டாள். தட்டினாள். நான் பார்த்தேன்.