வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாடம்

கரண்ட் போனால் ஊரே திட்டும். ரோஸ்மேரி மட்டும் செல்போனைத் தேடுவாள். இரண்டாயிரத்து எட்டில் தினமும் இரண்டு மணி நேரம் போனது. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கம்பெனி முதலாளி ஆத்தப்பனின் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் ஓயும். அவள் செல்போனில் பாடம் பதிவு செய்வாள்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து இந்தப் பனியன் கம்பெனி ஊருக்குப் பிழைக்க வந்த டெய்லர் அவள். பத்தாவது படித்தவள். மாதா கோயிலில் பார்க்கும் பெண்களில் பாதிப் பேர் ஐந்தாவதோடு நின்றவர்கள். அவர்களுக்காகத் தொடங்கிய வேலை இது. டீ டைமில் ப்ளூடூத்தில் போனுக்குப் போன் பாடம் தாவும். இதற்குப் பாட்காஸ்ட் என்று பெயராம். கோயிலுக்கு வந்த கல்லூரிப் பெண் சொன்னாள்.

"பேரு என்னவும் இருக்கட்டும், பாடம் நம்மளது" என்றாள் ரோஸ்மேரி.

ஒன்பது பாடம் முடிந்தது. பாக்கி சதவீதம். செக்கிங் வேலை பார்க்கும் நதியாவுக்குத் திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை, எட்டாவது தனித்தேர்வு. இரண்டு தடவை விழுந்தவள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்ல கல்யாணந்தான்க்கா" என்று கண் கலங்கியிருந்தாள். ஒருமுறை சொன்னால் அவளுக்கு ஏறாது. பத்துமுறை கேட்டால் ஏறும்.

ஞாயிறு மதியம் கரண்ட் போனது. ரோஸ்மேரி வாயைத் திறந்தாள். சுவர் அதிர்ந்தது. ஆத்தப்பன் புது ஜெனரேட்டர் போட்டிருந்தார்.

மகள் பெற்ற ஒன்றரை மாதப் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே போய் நின்றாள்.

"கரண்ட் போச்சுன்னு சண்டைக்கு வருவாங்க. நீ என்ன அம்மிணி, வந்துருச்சுன்னு வர்றே?" என்று சிரித்தார் ஆத்தப்பன். "அவசர ஆர்டரு. நிறுத்த முடியாது. வேற ஏதாச்சும் கேளு."

சட்டென்று கேட்டாள்: "அந்த வேஸ்ட் குடோன் சாவியக் குடுங்க."

"அங்க என்னத்துக்கு?"

"மூட்டைக்குள்ள உக்காந்து பேசணும்."

"மனுசங்க யாரும் கிடைக்கலியாக்கும்!" என்றபடி சாவியை நீட்டினார்.

தூங்கிவிட்ட பேத்தியை ஒரு மூட்டைமேல் கிடத்திவிட்டு, பனியன் துண்டு மூட்டைகளை நாலாபுறமும் இழுத்து அடுக்கினாள். துணி சத்தத்தைக் குடித்தது. ஜெனரேட்டர் எங்கோ முனகியது. வியர்வை வழிய, பட்டனை அழுத்தினாள்.

"நதியா, நூறு பனியன் செக் பண்ணுத. அஞ்சுல ஓட்டை. அது அஞ்சு சதவீதம். இப்ப எரநூறு பனியன், பத்துல ஓட்டை. எத்தனை சதவீதம்?"

பேத்தி விழித்து வீறிட்டாள். நிறுத்திவிட்டு முதலிலிருந்து பதிய போனில் சார்ஜ் தாங்காது. ரோஸ்மேரி விடவில்லை.

"கேட்டியாட்டி? பாப்பாவே சொல்லுதா, இதுவும் அஞ்சுதானாம்!"

அன்று ராத்திரியே பாடம் நதியாவின் போனுக்குத் தாவியது. மறுநாள் சாயங்காலம் பரீட்சை முடிந்து நதியா ஓடி வந்தாள்.

"இருபத்தஞ்சு மாங்காயில நாலு அழுகல்னு கேட்டாங்கக்கா. மாங்காய பனியனா நெனைச்சுப் போட்டுட்டேன்."

"எம்புட்டு?"

"பதினாறு."

ரோஸ்மேரி விரல் விட்டுப் பார்த்தாள். "சரிதாம்ட்டி!"

முடிவு வந்தபோது கணக்கில் நாற்பத்தொன்று, பாஸ். நதியா மிட்டாயை ரோஸ்மேரி கையில் திணித்துவிட்டுப் பேத்தியை அள்ளிக்கொண்டாள்.

"பெரிய டீச்சர் நீங்கதான்க்கா. ஆனா விடை சொன்னது இவ."