ருக்மிணி அக்கா சாப்பிட்டுக் காட்டினார்

ஈஜிபுராவில் ஏழு வருஷம் மெஸ் நடத்தியவர் ருக்மிணி அக்கா. ஆம்பூரிலிருந்து தனி ஆளாக வந்தவர். பாசம் உண்டு, வாய் அதைவிட அதிகம். அந்த வாய்தான் அவரைக் கெடுத்தது.

1998 கோடையில் ஒரு நாள், லேத் பட்டறையில் வேலை பார்த்த நாணு, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தான். "இரு இரு, இந்த வாய் பேச முடியாமக் கெடக்கப் போவுது பாரு" என்றார் அக்கா. சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்களும் சிரித்தோம்.

ஒரு மாதத்துக்குள் மெஸ்ஸில் எட்டுப் பேருக்கு மஞ்சள் காமாலை. நான் உட்பட ஏழு பேர் கீழாநெல்லி, பத்தியம் என்று கிடந்து மூன்று வாரத்தில் எழுந்துவிட்டோம். நாணு மட்டும் ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடந்தான்.

ஒரே சோறு, அவனுக்கு மட்டும் ஏன்? மறைப்பானேன், முதலில் கிளப்பியது நான்தான். "அவனுக்குத் தனியா என்னவோ போட்டிருக்காங்கப்பா" என்றேன். இரண்டே நாளில் தெரு முழுக்க அதே பேச்சு.

அக்கா காதுக்கும் எட்டியது. மறுநாளிலிருந்து, பரிமாறும் முன் எங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினார். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. விழுங்குகிறாரா என்று நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆஸ்பத்திரி டாக்டர் வித்யாலட்சுமிக்கும் அதே கேள்விதான். ஆனால் அவர் சந்தேகப்பட்டது கிருமியை. காமாலைக் கிருமியில் பல ரகம் உண்டாம். நாணுவைப் பிடித்தது ஏதாவது முரட்டு ரகமா என்று பார்க்க, எட்டுப் பேர் ரத்தத்தையும் வெளியூர் லேபுக்கு அனுப்பினார். நாணுவுக்கு மட்டும் வேறு ரகம் என்று வந்துவிட்டால் அது வேறெங்கோ தொற்றியது, தன் சமையலுக்குப் பழி வராது என்று அக்கா கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார்.

நாணு பிழைத்துக்கொண்டான். அப்புறம்தான் ரிப்போர்ட் வந்தது. நானே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அக்கா, எட்டுப் பேருக்கும் ஒரே ரகம்தானாம். வெஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் ஒடம்பு ஏன் தாங்கலைன்னு டாக்டருக்கே தெரியல. நீங்க தனியா எதுவும் போடலன்னு ஆயிடுச்சு."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், முட்டாள். அக்கா மோர்ப்பானையைப் பார்த்தார். சோறும் குழம்பும் கொதித்தவை. மோரில் மட்டும் லாரித் தண்ணீரை அப்படியே ஊற்றுவார்.

"அப்ப எட்டுப் பேருக்கும் நான்தானடா குடுத்திருக்கேன்?"

"லாரித் தண்ணிக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"காய்ச்சாம ஊத்துனது யாரு?"

அந்த வாரமே மெஸ்ஸை மூடிவிட்டு ஆம்பூருக்குக் கிளம்பினார். போகும்போது எங்கள் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.