அரைக் குரல்

லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்து ஓபரா ஒத்திகை ஒன்றைப் பார்க்கிறேன். வெளியே மழை விடுவதாயில்லை. இயக்குநர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி; மேடையில் பாடி, பிறகு பாட்டுச் சொல்லிக்கொடுத்து, இப்போது இயக்க வந்திருக்கிறார். நாயகி சாகும் காட்சியை மாணவிகளுக்குப் பாடிக் காட்டுகிறார். குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. ஒத்திகையில் அரைக் குரலில் பாடி, குரலை மேடைக்கு மிச்சம்பிடிப்பது இவர்கள் வழக்கமாம்.

தேநீர் இடைவேளையில் கேட்கிறேன்: "முழுக் குரல்ல எப்ப பாடுவீங்கக்கா?"

"இதுதான் தம்பி முழுக் குரல். இதுக்கு மேல ஏலாது. பிள்ளையளுக்குத் தெரியாது, சொல்லிப்போடாதேங்கோ."

திரும்பிப் போய், மாணவிகளை முழுக் குரலில் பாடச் சொல்கிறார். கூடம் அதிர்கிறது. நடுவில் அவரும் சேர்ந்துகொள்கிறார். யாரும் சொல்லாமலே, அத்தனை பேரும் தங்கள் குரலை அவர் குரலுக்குக் கீழே இறக்கிக்கொள்கிறார்கள்.