இரண்டாவதாகச் சொன்னதுதான் விடை

அந்தத் தெருவில் கண்ணாடிக்காரர் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கடையின் பின்னறையில் ஆளை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாருக்கா, இது நல்லாருக்கா?" என்று கேட்பதுதான் அவருடைய பிழைப்பு. நாள் முழுக்க அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்கியே காலம் தள்ளுகிற மனிதர். அப்பேர்ப்பட்டவர் ஆங்கிலப் பரீட்சையில் படித்தார், எழுதினார், தட்டுத் தடுமாறிப் பேசவும் பேசினார். கேட்டு எழுதுகிற பகுதியில் மட்டும் கோட்டை விட்டார்.

பொழுது போகாமல் எழுதிய பரீட்சை இல்லை அது. வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதில் மனைவி வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில் வேலை கிடைத்து முன்னால் போய்விட்டாள். இவர் எல்லாப் பகுதியிலும் தேறினால்தான் அங்கே போய்ச் சேர முடியும். இல்லையென்றால் அவள் அங்கே, இவர் இங்கே, நடுவில் ஒரு போன். அவள் இல்லாத வீட்டில் அவருக்கு உட்காரவும் பிடிக்கவில்லை, படுக்கவும் பிடிக்கவில்லை.

மனைவியின் தங்கை ஆங்கில வகுப்பு நடத்துகிறவள். வார்த்தைக்கு வார்த்தை மாமா என்பாள், குட்டாத குறையாகச் சொல்லியும் கொடுப்பாள். ஹெட்போனை மாட்டிவிட்டுப் பதிவை ஓடவிடுவாள். ஒரே தடவைதான் ஓடும். அதில் ஒருத்தி, தொலைந்துபோன பையைத் தேடி ஏதோ அலுவலகத்துக்கு போன் செய்வாள். பை கறுப்பு நிறம் என்பாள். கண்ணாடிக்காரர் கறுப்பு என்று எழுதி நிமிர்வதற்குள், அடடா, கறுப்பு என் தங்கையுடையது, என்னுடையது பச்சை என்பாள். அந்தத் தங்கை எதற்கு நடுவில் வந்தாள் என்று இவர் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு கேள்விகள் அம்போவென்று போயிருக்கும்.

"ஏம்மா, சொந்தப் பை என்ன கலர்னே தெரியாதவளுக்காக நான் எதுக்கு மார்க்கை விடணும்?"

"உங்கள ஏமாத்தறதுக்குன்னே அப்படி வச்சிருக்காங்க மாமா. மொதல்ல சொல்றத நம்பாதீங்க. கொஞ்சம் பொறுத்துப் பாத்தா மாத்திச் சொல்லுவாங்க. ரெண்டாவது சொல்றதுதான் விடை."

"அது எப்படி, மொதல்ல பொய் சொல்லிட்டு அப்புறம் நிஜம் சொல்லுவாங்களா?"

"அப்படித்தான்னு வச்சுக்குங்களேன்."

இங்கேதான் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பின்னறையில் அவர் கண்ட கதையே வேறு. எது தெளிவு என்று கேட்டவுடன் சட்டென்று வருகிற பதில் கண் சொல்வது. தயங்கித் தயங்கி மாற்றுவது, கேட்கிறவர் மனம் கோணக்கூடாதே என்று வாய் சொல்வது. முதல் பதிலை எழுதிக்கொண்டுதான் இத்தனை காலம் கடை நடத்தினார். பரீட்சை வைக்கிற புண்ணியவான்கள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆனால் மனைவியிடம் போய்ச் சேர வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கப் பழகினார். மதிப்பெண்ணும் மெல்ல ஏறியது.

வம்பு என்னவென்றால், ஹெட்போனைக் கழற்றினாலும் பழக்கம் கழலவில்லை. இந்த பஸ் ஸ்டேஷன் போகுமா என்று கேட்டார். "போகும், ஏறுங்க" என்றார் கண்டக்டர். எங்கே மாற்றிச் சொல்லிவிடுவாரோ என்று இவர் படியில் கால் வைக்காமல் நின்றார். பஸ் போய்விட்டது. கண்டக்டர் எதையும் மாற்றவில்லை. போகிற போக்கில் இவரைத் திட்டினதோடு சரி.

அடுத்து மாட்டினது தையற்கார அம்மா. ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று வந்திருந்தார். இரண்டு லென்ஸையும் மாற்றிப் போட்டுக் கேட்டதும், "மொதல்ல போட்டதுதான் நல்லாருக்கு" என்றார். கண்ணாடிக்காரர் பேனாவும் கையுமாகச் சும்மா நின்றார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "இல்ல... ரெண்டாவதுதான் போல" என்றார். இவர் உடனே எழுதிக்கொண்டார். எழுதின பிறகு நெஞ்சில் என்னவோ உறுத்தியது. சரியாக எழுதினோமா, தப்பாக எழுதினோமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி கூப்பிட்டாள். அறையில் வெந்நீர் வருவதில்லை என்றாள். கூட வேலை பார்த்த ஒரே சிநேகிதியும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பேசாம எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடலாம் போல இருக்குங்க" என்றாள்.

கண்ணாடிக்காரர் காத்திருந்தார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "இல்ல, சும்மா சொன்னேன். நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க பரீட்சைய பாருங்க" என்றாள்.

"சரி" என்றார் இவர்.

அன்றைக்குப் பயிற்சியில் ஒரு விடைகூடத் தப்பவில்லை. மச்சினி கை தட்டினாள். அக்காவிடம் நானே சொல்கிறேன் என்று குதித்தாள். கண்ணாடிக்காரருக்கோ சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இது என்ன என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. காரணம் மட்டும் தெரியவில்லை.

சில நாளில் தையற்கார அம்மா புதுக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நேரா ஒரு தையல் போட முடியல."

மறுபடி உட்காரவைத்துச் சோதித்தார். முதலில் போட்ட லென்ஸ்தான் சரியானது.

"அன்னிக்கு நீங்கதானேம்மா மாத்திச் சொன்னீங்க?"

"நானா மாத்தினேன்? நல்லாருக்குன்னு சொன்னேன், நீங்க எழுதாம நின்னீங்க. சரி, நாமதான் தப்பாச் சொல்லிட்டோம் போலன்னு மாத்திக்கிட்டேன். நின்னா யாரா இருந்தாலும் மாத்தத்தான் செய்வாங்க."

கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். வேறு லென்ஸ் தன் செலவில் போட்டுத் தருவதாகச் சொல்லி அந்த அம்மாவை அனுப்பினார். வேலை நேரத்தில் இருப்பாளே என்றுகூட யோசிக்காமல் மனைவிக்கு போன் போட்டார்.

"அன்னிக்கு வந்துடலாம் போல இருக்குன்னு சொன்னியே, அது நிஜமா? அப்புறம் சொன்னது நிஜமா?"

அவள் என்னவோ ஏதோ என்று பதறி எடுத்திருந்தாள். "ரெண்டும்தான்" என்றாள்.

"ரெண்டும் எப்படி நிஜமா இருக்கும்?"

"தெரியலைங்க. காலைல ஒண்ணு தோணுது, சாயந்திரம் ஒண்ணு தோணுது."

"அப்ப நான் எதை எடுத்துக்கறது?"

"எதையும் எடுத்துக்க வேணாம்." குரல் உடைந்துவிட்டது. "நான் உங்ககிட்ட முடிவு பண்ணச் சொல்லியா கேட்டேன்? கஷ்டமா இருக்குன்னு சொன்னேன். ஐயோன்னு ஒரு வார்த்தை வரலையே உங்களுக்கு. சரின்னீங்க."

அங்கேயே இருக்கச் சொல்வதா, வரச் சொல்வதா, பரீட்சை எழுதுவதா, விடுவதா, எதுவும் அவருக்குத் தெளியவில்லை. ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவள் அழுகிறாள்.

"ஐயோ" என்றார். காலம் கடந்து வந்த ஐயோ. அவருக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

"இப்ப சொல்லி?" என்றாள் அவள். ஆனால் போனை வைக்கவில்லை.