கேனில் போட்ட கோடு

எங்கள் தோட்டம் ரெட்டியார்சத்திரம் பக்கம். கிணறு எங்களுக்கும் பக்கத்துத் தோட்டத்து மாணிக்கம் அண்ணனுக்கும் பொது. மோட்டார் ரூம் சாவி இரண்டு வீட்டிலும் இருக்கும். மல்லிகைக்கு மருந்தடிக்கும் பெட்ரோல் ஸ்பிரேயரையும் பெட்ரோல் கேனையும் அங்கேதான் வைத்திருந்தேன்.

அண்ணன் அதிலிருந்து எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குச் சந்தேகம். பெட்ரோல் இருந்த மட்டத்துக்குக் கேனில் மார்க்கரால் கோடு போட்டேன். அதுவும் போதாமல், போகும்போதெல்லாம் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன்.

ஆடியில் மொட்டெல்லாம் புழு. ஸ்பிரேயரோ இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிட்டது. மட்டம் கோட்டிலிருந்து குறையவில்லை, அப்படியென்றால் எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்! ஊர்க்கூட்டத்தில் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்து, கேனோடு திண்டுக்கல் மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினார். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கியது.

"பாத்தீங்களா தம்பி, பக்கத்துத் தோட்டக்காரரு தண்ணிய ஊத்திருக்காரு!"

"செத்த இருங்கக்கா. எப்ப வாங்குனது?"

"பொங்கலுக்கு."

"அம்புட்டு நாளா? இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருதுக்கா. அது காத்துல இருக்க ஈரத்த இழுத்து, தண்ணியா அடியில தங்கிரும். மூடிய அடிக்கடி தெறந்தீகளா?"

நான் கேனின் மூடியை எடுத்து இறுக்கி மூடினேன்.

இப்போதெல்லாம் மருந்தடிக்கிற அன்றைக்குத்தான் பெட்ரோல் வாங்குகிறேன். மிச்சமானால் மூடியை இறுக்கி, வாங்கிய தேதியைக் கேனில் எழுதிவிடுகிறேன். பழைய கோடு மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"இது என்னம்மா கோடு?" என்று போன வாரம் மாணிக்கம் அண்ணன் கேட்டார்.

"அளவுக் கோடுண்ணே" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.