சனிக்கிழமை வீரம்

பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் நான் குமாஸ்தாவாக இருந்த காலம் அது. சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். வீட்டுக்கு வந்து காபியைக் கையில் வாங்கியதும், அந்த வாரம் துரையை எப்படி மடக்கினேன் என்று அளக்க ஆரம்பித்துவிடுவேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்றபடி, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் பிள்ளைகள் ஆபீஸ் விளையாட்டு ஆரம்பித்தார்கள். பையன் துரையாக நாற்காலியில் உட்கார்ந்தான். என் தலைப்பாகையைக் காது வரை இறக்கிக்கொண்டு மகள் எதிரே வந்தாள். அவள்தான் நானாம். துரையை எப்படி மடக்கப்போகிறாள் என்று ஆவலாகப் பார்த்தேன். அவளோ கையைக் கட்டிக்கொண்டு, கூனிக் குறுகி நின்றாள்.

"எஸ் சார். தப்புதான் சார். இப்பவே மாத்திடறேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீஸில் நான் நிற்பது அப்படியேதான். இவள் எங்கே பார்த்தாள்?

"யாரும்மா உனக்குச் சொன்னது?"

"நீங்கதான்ப்பா. தினம் தூக்கத்துல சொல்றீங்களே. கையைக்கூட இப்படித்தான் கட்டிக்குவீங்க."

மனைவியைப் பார்த்தேன். சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. எல்லாம் தெரிந்துமா வாரா வாரம் "அப்புறம்?" கேட்டாள்?

அடுத்த சனிக்கிழமை காபியைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல, "இன்னிக்குத் துரை என்ன சொன்னாரு?" என்றாள்.

"திட்டினாரு. எஸ் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

இத்தனை வருஷம் நின்றே கேட்டவள், அன்றைக்குத்தான் முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்புறம்?"